தேவதாஸும் மாட்டுவண்டியும்

காதல் தோல்வியைக் கூறும் கதைகள் பல, கண்ணீர், பெருமூச்சு என்னும் சொற்களைப் பெய்தே நம்மை அழவைக்க முயல்கின்றன; நாமோ அழுவதில்லை. சரத்சந்திரர் 1917-இல் வெளியிட்ட ‘தேவதாஸ்’ அவ்வழிச் செல்லவில்லை. 1953-ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் அவனை அறிந்த நம்மவர் மதுக்கிண்ணத்தையே பெரிதும் நினைவிற் கொண்டனர். நாவலில் நெஞ்சைப் பிளப்பது அதுவன்று, ஒரு மாட்டுவண்டி.

வங்கத்தில் வாழும் நாம் பாண்டுவா நிலையத்தை ரயிலில் எத்தனையோ முறை கடந்திருப்போம். சாகுந்தறுவாயில் தேவதாஸ் விடியும் வேளையில் அங்கேதான் இறங்குகிறான். பார்வதியின் ஊருக்கு வண்டிப்பாதை. அதுவும் கெட்ட பாதை. இன்னும் எவ்வளவு தொலைவு என்று வண்டிக்காரனை மீண்டும் மீண்டும் வினவுகிறான். ஆசிரியர் அவன் துயரத்தை விரிக்கவில்லை. வழியின் நீளத்தையே காட்டுகிறார். அதனால் நாமும் அவ்வண்டியிலேயே கிடக்கிறோம்.

பார்வதியின் திருமணத்திற்கு முன், நீர்த்துறையில், தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அவன் உண்டாக்கிய வடுவும் இத்தகையதே. கொடுஞ்செயல்தான், அதனை நாம் மன்னிப்பதற்கில்லை. ஆயினும், பிறன்மனை புகுந்தபின் அவன் நினைவாக அவள் உடன்கொண்டு சென்றது அவ்வடு ஒன்றே.

விடியலில் அவள் வீட்டெதிரே அரசமரத்தடியில் கிடப்பவனை இன்னானென்று ஊரார் அறிவது சட்டைப்பையிலிருந்த கடிதங்களால். உள்ளேயிருந்த அவளுக்கோ, யாரோ ஓர் அயலான் இறந்தான் என்றே செய்தி முதலில் எட்டுகிறது.