மிளகாய் நாற்று

மிளகாய் விதை முளைப்பதே தனி அழகு. தென்னைநார்த் தூள் நிரப்பிய குழித்தட்டில் ஊன்றி ஜன்னலோரம் வைத்தால், ஒரு வாரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. பிறகு வளைந்த தண்டு தூளை முட்டிக்கொண்டு எழும். விதைத்தோல் இன்னும் இலைநுனியைக் கவ்வியிருக்கும். பிய்க்க வேண்டாம், நீர் தெளித்தால் இளகித் தானே கழன்றுவிடும்.

கைநேர்த்தி எல்லாம் எடுத்து நடுவதில்தான். 35, 40 நாளில், வெயில் காட்டிப் பழக்கிய நாற்றை மாலையில் நடுவார்கள். குழியை அடியில் அழுத்தினால் வெள்ளை வேர் பின்னிய தூள்கட்டி உதிராமல் மேலே வரும். தண்டைத் தொடாமல் இலையைப் பிடித்துத் தூக்கும் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இலை போனால் வேறு இலை துளிர்க்கும். தண்டு நசுங்கினால் செடியே போச்சு. நட்டதும் பூவாளியால் ஒரு நனைப்பு, மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர்.