கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு

‘நமது பிச்சைக்காரர் பிரச்சினை’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்போடு 1945இல் பம்பாயிலிருந்து ஓர் ஆங்கிலத் தொகுப்பு வந்தது. பதிப்பாசிரியர் ஜே.எம். குமரப்பா, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர், காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் சகோதரர். ‘நமது’ என்ற சொல்லிலேயே எனக்கு இடறுகிறது. பிரச்சினைதான் நம்முடையது, பிச்சைக்காரர் நம்மவர் அல்லர்.

இரக்கமற்றவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. தனிமனிதர் போடும் காசுக்குப் பதில் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றுதான் விரும்பினார்கள். சிக்கல் வகைப்படுத்தலில் இருக்கிறது. அத்தொகுப்பில் கட்டாயூன் காமா இரப்போரை வகை பிரிக்கிறார்: குழந்தை, உடற்குறையுடையோர், நோயாளி, போலிச் சாமியார், பழங்குடியினர், தற்காலிகமாக வேலையிழந்தவர், உழைக்கவே மனமில்லாதவர். எழுதியவர் பெண். ஆனாலும் கைம்பெண் என்றோ கணவன் கைவிட்டவள் என்றோ ஒரு தலைப்பு அதில் இல்லை. உடலையும் கூலிவேலையையும் அளவுகோலாக வைத்தால் அவள் அகப்படமாட்டாள். அவள் இழந்தது வேலையை அல்ல, வீட்டை. அந்த வீட்டில் அவள் செய்தவற்றை யாரும் வேலையாக எண்ணியதில்லை.

வேறுவிதமாகக் கேட்டவரும் இருந்தார். 1943 பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் வடிகஞ்சிக்குக் கையேந்தியவர்களை மானிடவியலாளர் தாரக் சந்திர தாஸ் ஆய்வு செய்தார்; 1949இல் அது நூலானது. ஊரில் என்ன தொழில், குடும்பம் எப்படிச் சிதறியது என்பவை அவருடைய கேள்விகள். அங்கே பிச்சைக்காரர் ஒரு வகை அல்லர். சில மாதங்களுக்கு முன்புவரை வயலில் நின்றவர்கள். அதே 1943இல் வங்க அரசு அவர்களுக்காக இயற்றியதோ நாடோடித் தடுப்புச் சட்டம்.

சுதந்திர இந்தியாவின் சட்டமும் வகைப்பட்டியலின் வழியே போனது. 1959ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தின்படி பாடிக் கேட்டாலும், ஆடிக் கேட்டாலும், குறி சொன்னாலும், ஏதேனும் விற்பதுபோல் நீட்டினாலும் பிச்சைதான். கண்ணுக்குத் தெரியும் பிழைப்பின்றித் திரிவதும் அப்படியே. (குறத்தியை இலக்கியமாகப் பாடம் நடத்துகிற எனக்கு இந்த இடம் கசக்கிறது.) முதல்முறை பிடிபட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை, மீண்டும் மீண்டும் பிடிபட்டால் பத்தாண்டு வரை அடைத்துவைக்கலாம். டெல்லியில் இதன் முக்கியப் பிரிவுகளை 2018இல்தான் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது.

அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. பிடிபட்டவரை முழுதும் சார்ந்திருப்பவரையும் உடன் அடைத்துவைக்க நீதிமன்றம் ஆணையிடலாம். வகைப்பட்டியலில் இடம் கிடைக்காத மனைவிக்குச் சட்டத்தில் இங்கேதான் இடம் கிடைத்தது, கையே நீட்டாமல்.