சோழவரத்து லிபரேட்டர்களும் செங்குன்றத்துக் கேட்டலினாக்களும்

சோழவரம் நெருங்கினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. நாயுடுபேட்டையில் பேருந்து ஏறும்போதே ஜன்னலோர இடம் பார்த்துத்தான் உட்காருவேன். சூலூர்பேட்டை, தடா, கும்மிடிப்பூண்டி, கவரப்பேட்டை எல்லாம் கழிந்து, காரனோடைப் பாலத்தில் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் யாராக இருந்தாலும் விடமாட்டேன். "அண்ணா, இந்த ஊரில் நாலு எஞ்சின் வைத்த குண்டுவீச்சு விமானங்கள் நின்றன, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவேன். "சோழவரமா? அங்கே கார் ரேஸ் இல்ல நடந்தது!" என்பார்கள் பெரும்பாலானோர்.

ரேஸ் நடந்ததும் உண்மைதான். 1950-களிலிருந்து 1980-கள் வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்களுக்காக நாடெங்கிலுமிருந்து கூட்டம் இங்கே வந்து குவிந்தது. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. ஆனால் கார்கள் பறந்த அந்த நேர்கோட்டுத் தளம் கார்களுக்காகப் போட்டதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம் அது.

எங்கள் நாயுடுபேட்டை வானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய ஊர். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டைமாடிகளில் நிற்க இடம் இருக்காது. அதே ஊர்க்காரர்கள் சென்னைக்குப் போய்வரும் ஜிஎன்டி ரோட்டில், சில கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு போர்க்கால விமானதளங்களைக் கடந்து போகிறோம். ஒன்று நிலத்தில், சோழவரம். மற்றது தண்ணீரில், செங்குன்றம் ஏரி. இந்த இரண்டிலிருந்தும் புறப்பட்டுப் போன மனிதர்கள் செய்ததைப் படிக்கப் படிக்க எனக்கு மலைப்பு அடங்கவே இல்லை.

1942 ஏப்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் தேதி ஞாயிறு, ஈஸ்டர் திருநாள். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னை காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம் மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடுமே என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள். வங்காள விரிகுடா அப்போது யாருடைய கடல் என்று சொல்ல முடியாத நிலை.

அந்தப் பயத்தில்தான் இந்தியா முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட விமானதளங்கள் அசுர வேகத்தில் எழுந்தன. நம் பக்கத்தில் மட்டும் சோழவரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், மதுரை என்று நீள்கிறது பட்டியல். இயந்திரங்கள் குறைவு. ஜல்லியையும் மண்ணையும் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டியவர்கள் நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும்தான். முப்பது டன் எடையுடன் ஒரு விமானம் தடதடவென்று ஓடி எழும்ப வேண்டுமென்றால் அடித்தளம் எவ்வளவு கெட்டியாக இருந்திருக்க வேண்டும்! சண்டை முடிந்து நாற்பது வருஷம் ரேஸ் கார்களையும் அது தாங்கியிருக்கிறது. அந்தக் கூடை சுமந்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடாமல் என்னால் மேலே எழுத முடியாது.

இனி நான் சொன்ன அந்த நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், லிபரேட்டர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 110 அடி. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் கொண்ட நாலு எஞ்சின்கள். உள்ளே எட்டுப் பேர், சில நேரம் பத்துப் பேர்: விமானிகள், வழிகாட்டி, வயர்லெஸ்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள். முன்பகுதியிலிருந்து பின்பகுதிக்குப் போக வேண்டுமென்றால் குண்டு அறையின் நடுவே ஒன்பது அங்குல அகலப் பாலம் ஒன்றின் மேல்தான் நடக்க வேண்டும். ஒன்பது அங்குலம்! கனமான உடுப்போடு, ஆடும் விமானத்தில், காலடியில் குண்டுக் கதவுகள், அதற்குக் கீழே கடல்.

1944 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானப்படையின் 200ஆம் ஸ்குவாட்ரன் இந்த லிபரேட்டர்களோடு முதலில் பரங்கிமலைக்கு வந்தது, பிறகு சோழவரத்துக்கு. சாதாரணப் படைப்பிரிவு இல்லை இது. 1943 ஆகஸ்ட் 11 அன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கடலில், இதே பிரிவைச் சேர்ந்த லாயிட் டிரிக் என்ற நியூசிலாந்து விமானி ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைத் தாக்கினார். நீர்மூழ்கியின் பீரங்கி அவருடைய லிபரேட்டரைப் பற்ற வைத்துவிட்டது. திரும்பிக் கடலில் இறக்கியிருக்கலாம். எரியும் விமானத்தோடு அவர் நேராகப் போய் ஆழ்நீர்க் குண்டுகளைப் போட்டார். நீர்மூழ்கி உடைந்தது. விமானமும் கடலில் விழுந்து எட்டுப் பேரும் மாண்டார்கள். பார்த்ததற்குச் சாட்சி சொல்ல அவர்கள் பக்கத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. விமானத்திலிருந்து மிதந்து வந்த ரப்பர் படகில் ஏறி உயிர் தப்பிய ஜெர்மானியர்கள், நீர்மூழ்கியின் தளபதி உட்பட, அந்த வீரத்தைச் சொன்னார்கள். எதிரியின் வாய்மொழியை மட்டுமே வைத்து விக்டோரியா சிலுவை கொடுக்கப்பட்டது. அந்த மனிதர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்ட கூட்டம்தான் அடுத்த ஆண்டு நம் சென்னைப் பக்கம் வந்து இறங்கியது! பேருந்தில் இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கே அவர்களுக்கு வேலை என்ன? கப்பல் கூட்டங்களுக்குக் காவல், நீர்மூழ்கி வேட்டை. பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், கீழே தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாத பயணம். செயற்கைக்கோள் கிடையாது, கைக்குள் வரைபடம் காட்டும் போன் கிடையாது. வழிகாட்டி எப்படிக் கணக்குப் போட்டார் என்பதைக் கேளுங்கள். ஒரு புகைக்குப்பியைக் கடலில் போடுவார்கள். வாலில் இருக்கும் துப்பாக்கிக்காரர் தன் துப்பாக்கியை அந்தப் புகைக்கு நேராகப் பிடித்துக்கொண்டே வருவார். துப்பாக்கி எத்தனை டிகிரி திரும்புகிறதோ, அந்த அளவுக்குக் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று அர்த்தம். அதை இன்டர்காமில் சொன்னால் வழிகாட்டி பென்சிலால் கோட்டைத் திருத்துவார். இரவானால் நட்சத்திரம் பார்த்துக் கணக்கு. இருபத்திரண்டு வயதுப் பையன்கள் இப்படிப் போய், பருவமழை மேகங்களுக்குள் நுழைந்து வெளிவந்து, ஓர் ஏரியின் பளபளப்பை அடையாளம் வைத்துச் சோழவரத்தில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் காவல் போன பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடக்கவில்லை. கப்பல் பத்திரமாகத் துறைமுகம் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

சோழவரத்தைத் தாண்டினால் செங்குன்றம், எல்லோர் வாயிலும் ரெட்ஹில்ஸ். 1876-இல் கட்டிய இந்தப் புழல் ஏரி 3,300 மில்லியன் கன அடி தண்ணீர் கொள்ளும். ஏரி நிறைந்திருக்கும் மார்கழியில் கரைப்பக்கம் நின்று பாருங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் அலையில்லாத வெள்ளித் தகடு. கடலில் இறங்கினால் அலை உடைத்துவிடும். இங்கே அந்தக் கவலை இல்லை. 1942-இலிருந்து போர் முடியும் வரை 240ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினா என்ற பறக்கும் படகுகளுக்கு இந்த ஏரியே வீடு.

அழகு என்றால் கேட்டலினாதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அடிப்பக்கம் படகு, மேலே குடை பிடித்தது போல ஒற்றை இறக்கை, பின்பக்க விலாவில் இரண்டு கண்ணாடிக் கொப்புளங்கள். இறக்கையின் இரு முனைகளிலும் தொங்கும் மிதவைகள் விமானம் எழும்பியதும் மேலே மடங்கி, இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். வேகம் குறைவு, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் இருபது மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் பறக்கும். உள்ளே படுக்கை உண்டு, டீ போட அடுப்பு உண்டு. இலங்கையின் கொக்கலையிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குவாண்டாஸ் நிறுவனம் இதே ரக விமானத்தைத்தான் போர்க்காலத்தில் ஓட்டியது. பயணி ஒருவர் வழியில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்துவிடுவார்!

1944 மார்ச்சில் இந்த ஏரியிலேயே 628ஆம் ஸ்குவாட்ரன் என்று இன்னொன்று பிறந்து, அக்டோபரில் 240-உடன் கலந்தது. வெளியே சொல்லக்கூடாத வேலைகள் இவர்களுடையவை. ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த கரைகளை நோக்கி ரகசிய வேலைக்குப் போவது, வானிலை பார்த்து வருவது, கடலில் விழுந்தவர்களைத் தேடி எடுப்பது. சென்னைக்காரர்கள் குழாயைத் திறந்து குடிக்கும் தண்ணீரின் மேல் இதெல்லாம் நடந்திருக்கிறது.

கேட்டலினா என்றால் லியனார்ட் பர்ச்சலைச் சொல்லாமல் விட முடியாது. கொக்கலையிலிருந்து பறந்த இந்தக் கனடிய விமானி, 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். வயர்லெஸ்காரர் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே எதிரியின் ஜீரோ விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்துச் சிறைப்பட்டார்கள். செய்தி போய்ச் சேர்ந்தது. மறுநாள் கொழும்பு தயாராக இருந்தது.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத் தமிழர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமானதளம் போர்க்காலத்தில் காங்கேசன்துறை என்ற பெயரில் லிபரேட்டர் தளமாக இருந்தது. 160ஆம் ஸ்குவாட்ரன் அங்கிருந்தும் பறந்தது. பிறகு மின்னேரியாவுக்கு மாறி, 1945 மார்ச்சில் சிங்கப்பூர்க் கடலில் கண்ணிவெடி போட்டுத் திரும்பியது. போகவர இருபது மணி நேரத்துக்கும் மேல். திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து 1944 ஆகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்ராவின் பாலம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கக் கிளம்பின. போகவர ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

போர் முடிந்ததும் லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்து, யாருக்கும் பயன்படக் கூடாதென்று பிரிட்டிஷார் உடைத்துப் போட்டார்கள். பெங்களூர் எச்.ஏ.எல். தொழிலாளர்கள் அந்தக் குப்பையிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை உயிர்ப்பித்தார்கள்! சுதந்திர இந்தியாவின் விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. உலகத்தில் கடைசிவரை லிபரேட்டரைப் படையில் வைத்திருந்தவர்கள் நாம்தான். லண்டனில் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு லிபரேட்டர் தேவைப்பட்டபோது 1974-இல் கொடுத்ததும் இந்தியாதான். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ரேணிகுண்டா ரயில்கள் கடந்துபோகும் அரக்கோணத்தின் போர்க்காலத் தளம் இன்று ஐஎன்எஸ் ராஜாளி. கடற்படையின் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்து கிளம்பி அதே கடலில் அதே காவல் வேலையைப் பார்க்கின்றன.

சென்னைக்குப் போனால் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். மவுண்ட் – பூந்தமல்லி சாலையிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். பறக்கும் கழுகு பொறித்த கற்கள் விமானப்படைக்காரர்களுடையவை. ஒவ்வொன்றாக வயதைப் படித்துக்கொண்டே போனால் நெஞ்சு கனத்துவிடும். கடலோடு போனவர்களுக்கு அந்தக் கல்லும் இல்லை. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் பெயர் மட்டும்.

சோழவரத்திலும் செங்குன்றத்திலும் இதையெல்லாம் சொல்ல ஒரு பெயர்ப்பலகை வைத்தே ஆக வேண்டும். தமிழிலும் தெலுங்கிலும் வையுங்கள், இந்தச் சாலை இரண்டு மொழிக்காரர்களுக்கும் சொந்தம். அதுவரை ஒரு வேலையை நாமே செய்யலாம். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை, நாயுடுபேட்டைப் பக்கம் உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதுப் பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய அப்பாவோ அம்மாவோ விமானதள வேலைக்குப் போனார்களா, ஏரியில் விமானம் இறங்கியதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதை, பெயர் ஊர் விடாமல், இந்த வாரமே எழுதி வைத்துவிடுங்கள்.