உறங்குபவன் கையில் கத்தி

கனவு இன்பமூட்டும், கனவு அச்சமூட்டும். கண் விழித்தால் இரண்டும் கலைந்துவிடும். ஆனால், விழித்த பின்னும் கலையாத கனவொன்று உண்டு. ஊரே சேர்ந்து காணும் கனவு அது! அதனை உண்டாக்குபவர் யார்? அதனால் உயர்வு பெறுபவர் யார்? அதற்கு உயிரைப் பறிகொடுப்பவர் யார்? ஒரு சொல்லும் பேசாமல் இக்கேள்விகளை நூறாண்டுகட்கு முன்பே எழுப்பிய திரை ஓவியமொன்று உண்டு. 'டாக்டர் காலிகரியின் பெட்டி' என்பது அதன் பெயர்.

1920, பிப்ரவரி 26-ஆம் நாள் பெர்லின் நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்ட ஊமைப்படம். முதல் உலகப் போரில் தோற்றுத் துவண்டு கிடந்தது ஜெர்மனி. முடிமன்னன் முடியைத் துறந்து அண்டை நாட்டில் அடைக்கலம் புகுந்துவிட்டான். அவன் ஆணையை ஏற்றுக் களம் சென்றவர்களிலே ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் திரும்பவில்லை. ஆணையிட்டவன் பிழைத்தான், ஆணைக்கு அடங்கியவன் மாண்டான்! இந்த முரண்பாடு நெஞ்சை அரித்துக்கொண்டிருந்த வேளையில் எழுதப்பட்ட கதை இது. எழுதியவர் இருவர்: போர்ப்படையில் அதிகாரியாக இருந்து போரையே வெறுத்துத் திரும்பிய ஹான்ஸ் யானோவிட்ஸ், படைத்துறை மனநோய் மருத்துவர்களின் பிடியிலே சிக்கி அல்லலுற்ற கார்ல் மேயர்.

படத்தைக் காண்பவர் கண்ணை முதலில் கவர்வது கதையன்று; காட்சி. நேர்க்கோடு என்பதே இல்லாத ஊர்! சாய்ந்த சுவர்கள், கூம்பிய கூரைகள், கத்தி முனைபோல் நீண்ட சாளரங்கள், எங்கோ வளைந்து எதிலோ முட்டும் வீதிகள். ஹெர்மன் வார்ம், வால்ட்டர் ரைமன், வால்ட்டர் ரோரிக் எனும் ஓவியர் மூவர் துணித் திரைகளிலே தீட்டிய ஊர் அது. ஒளியையும் நிழலையும்கூடத் தூரிகையாலேயே தீட்டினர். விளக்கை நகர்த்தினால் நிழல் நகரும். தீட்டிய நிழலோ நகராது! தப்ப வழியற்றது அந்த உலகம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது எப்படி? நகரவை அலுவலரை எட்டாத உயரமுள்ள முக்காலியில் உட்கார வைத்தாரே இயக்குநர் ராபர்ட் வீனே, அந்த ஒரு காட்சி போதும். அதிகாரத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுத வேண்டியதில்லை.

இனிக் கதை. ஹோல்ஸ்டன்வால் என்னும் சிற்றூரிலே திருவிழாச் சந்தை. அங்கே கூடாரமடிக்கிறான் காலிகரி. அவனிடம் ஒரு பெட்டி. பெட்டிக்குள் சேசரே எனும் இளைஞன். 23 ஆண்டுகளாக உறங்குபவனாம், முக்காலமும் உணர்ந்தவனாம்! கூட்டம் வாய் பிளக்கிறது. ஆலன் எனும் இளைஞன், தான் எத்தனை நாள் வாழ்வேன் என்று விளையாட்டாகக் கேட்கிறான். விடியும் வரைதான் என்று விடை வருகிறது. விடிவதற்குள் ஆலன் பிணமாகிறான்.

பலித்துவிட்டது வாக்கு! பாமரன் மெய்சிலிர்ப்பான். ஆனால், பலித்தது எப்படி? நள்ளிரவில் கத்தியோடு வந்தவன், குறி சொன்ன அதே சேசரே! முன்கூட்டிச் சொன்னது முக்காலம் உணர்ந்ததாலன்று. முடிக்கப்போகிறவன் தானே என்பதால்! குறி சொல்பவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம், அவன் கையைப் பார்ப்பதில்லை. பேய்க்கதை என்று எண்ணிப் படம் பார்க்க வந்தவனுக்குப் பேய் இல்லை, பெட்டிக்குப் பின்னால் ஆள்தான் இருக்கிறான் என்று காட்டுகிறதே இப்படம், அதுவே இதன் முதற்சிறப்பு.

கொன்றவன் குற்றவாளியா? சேசரே உறங்குகிறான். உறக்கத்திலே ஆணை வருகிறது, உறக்கத்திலேயே நடக்கிறான், உறக்கத்திலேயே கொல்கிறான். ஜேன் என்னும் நங்கையைக் கொல்லச் சென்றவன் மட்டும், ஓங்கிய கத்தியோடு ஒரு கணம் தயங்குகிறான். குத்தவில்லை. தூக்கிக்கொண்டு கூரைகள்மீது ஓடுகிறான், துரத்தப்படுகிறான், அவளை விட்டுவிட்டு, களைத்து விழுந்து சாகிறான். வாழ்விலே அவன் தானாகச் செய்த ஒரே செயல், கொல்ல மறுத்தது. அதற்குக் கிடைத்த பரிசு சாவு! சீருடை மாட்டி, துப்பாக்கி தந்து, சுடு என்றவுடன் சுட்ட இலட்சக்கணக்கான இளைஞரின் உருவமன்றோ இந்தச் சேசரே?

ஆலனின் நண்பன் பிரான்சிஸ் காலிகரியைப் பின்தொடர்கிறான். காலிகரி நுழைவது எங்கே? மனநோய் மருத்துவமனையில்! நோயாளியாகவா? இல்லை, அதன் தலைவனாக! விழித்திருப்பவன் செய்ய மறுக்கும் கொலையை உறங்குபவனைக் கொண்டு செய்விக்க முடியுமா என்று ஆய்ந்து பார்த்த வெறியன், நோயைத் தீர்க்கும் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறான். சேசரேயின் பிணத்தைக் கண்டதும் அவனது வெறி வெளிப்படுகிறது. கட்டுச்சட்டை பூட்டி அறையிலே அடைக்கிறார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நீதி வென்றது என்று கைதட்டி எழுந்திருப்போம். ஆனால், படம் முடியவில்லை. இதுவரை கதை சொன்ன பிரான்சிசே பித்தனாம்! காலிகரி என்று அவன் பழித்தவர் பண்புள்ள மருத்துவராம்! அதே கட்டுச்சட்டை, அதே அறை, இப்போது பிரான்சிசுக்கு. குற்றம் சாட்டியவன் கூண்டில்; சாட்டப்பட்டவர் நாற்காலியில்!

இம்முடிவைக் கடுமையாகக் கண்டித்தார் சீக்பிரீட் கிராக்கவர். 1947-இல் வெளியிட்ட 'காலிகரியிலிருந்து ஹிட்லர்வரை' எனும் நூலிலே, அதிகாரத்தைச் சாடிய கதை, அதிகாரத்துக்குப் பணியும் கதையாக்கப்பட்டது என்றார். யானோவிட்ஸ் சொன்னதை நம்பி எழுதினார். பின்னாளில் கிடைத்த மூலப்படி வேறொன்றையும் சொல்கிறது: கதைக்குள் கதை என்னும் அமைப்பு முதற்படியிலும் இருந்தது. ஆனால் அதிலே பிரான்சிஸ் பித்தனல்லன். வாழ்வாங்கு வாழும் குடும்பத் தலைவன், விருந்தினருக்குப் பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறான். ஆகவே, சட்டகம் புதிதன்று. கேள்வி கேட்டவனுக்குப் பித்துப் பட்டம் சூட்டியதே புதிது.

இருந்தும், படத்தை முழுதும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. காரணம், ஓவியர்களின் தூரிகை. கோணல் உலகம் பித்தன் கண்ட கனவென்றால், கனவு முடிந்தபின் உலகம் நேராக வேண்டுமே! ஆகவில்லை. மருத்துவமனை முற்றத்தின் தரைக்கோடுகள் முன்போலவே விரிந்து வளைந்து கிடக்கின்றன. கதை, எல்லாம் சரியாகிவிட்டது என்கிறது. சுவர், எதுவும் சரியாகவில்லை என்கிறது. நான் சுவரை நம்புகிறேன்!

குறைகளும் உண்டு. ஜேன் மயங்கி விழவும் தூக்கிச் செல்லப்படவும் மட்டுமே படைக்கப்பட்டவள். சிந்திக்கும் பெண்ணுக்கு அந்தக் கோணல் ஊரிலும் இடமில்லை. நடிகர் பலர் மேடை நடிப்பையே நடிக்கிறார்கள். ஓவியத்தோடு ஓவியமாக அசைபவர்கள் இருவர்தாம்: காலிகரியான வெர்னர் கிராவுஸ், சேசரேயான கான்ராட் வைட்.

இந்த இருவரின் பிற்கால வாழ்வு, படத்துக்கு வரலாறு எழுதிய இறுதிக் காட்சி. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். வைட், யூதப் பெண்ணை மணந்து, நாட்டை விட்டு வெளியேறினார். கிராவுஸ் தங்கினார், 1940-இல் யூத வெறுப்பை ஊட்ட எடுக்கப்பட்ட 'யூத் சூஸ்' படத்திலே பல வேடங்களைப் புனைந்தார். திரையிலே ஆணைக்கு ஆடியவன் வாழ்விலே விழித்துக்கொண்டான். திரையிலே ஆட்டுவித்தவன் வாழ்விலே ஆடினான்!

உறக்கம் குற்றமன்று. ஆனால், நாம் உறங்கும்போது நம் கையிலே கத்தியை வைப்பவன் ஒருவன் விழித்திருக்கிறான். அவனைச் சுட்டிக்காட்டுபவனைப் பித்தன் என்று ஊர் சொல்லுமானால், அந்த ஊரின் சுவர்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அவை நேராக இருக்கின்றனவா என்று!