சுண்டத் தெரிந்த ஊர்

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை சாயங்காலத்தில் நடந்தால், ஏதாவதொரு சந்தில் 'டக்' என்ற அந்தச் சத்தம் கேட்கும். தாழத் தொங்கும் பல்பு, அதற்குக் கீழே 74 சென்டிமீட்டர் கேரம் பலகை. ஆடுபவர் நால்வர் என்றால் எட்டிப் பார்ப்பவர் பத்துப் பேர். மைதானத்துக்கு இடமில்லாத தெருக்களில் இதைவிடச் சிக்கனமான விளையாட்டரங்கம் ஏது?

நியூயார்க் ஹார்லெமின் ரக்கர் பார்க்கில், எகிறிக் குதித்துக் கூடைப்பந்துப் பலகையின் உச்சியிலிருந்து சில்லறை எடுத்தவர் என்று தெருக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஏர்ல் மானிகோவைப் பற்றிச் சொல்வார்கள். வடசென்னையின் இதுபோன்ற புராணங்கள் கேரமைச் சுற்றியவை. "பிரேக்கிலேயே போர்டை முடிச்சிட்டாருப்பா" என்று யாராவது ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும். ஒன்பது வெள்ளைக் காயும், ரெட் எனும் சிவப்புக் காயும், எதிராளி கை வைப்பதற்குள்! இதற்கு ஒயிட் ஸ்லாம் என்று பெயர்.

ஆனால் ரசிகன் பார்க்க வேண்டியது வேறு. கேரமில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்ட்ரைக்கரை எடுத்து மறுபடி கோட்டில் வைத்துவிடுகிறோம். ஆகவே, பில்லியர்ட்ஸ்காரர் தன் பந்தை அடுத்த அடிக்குத் தோதாக நிறுத்தும் வித்தை இங்கே செல்லாது. காய்களைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு வெள்ளை சட்டத்தை ஒட்டி முடங்கிக் கிடக்கிறது என்று வையுங்கள். கைதேர்ந்தவர் அதை நேராகக் குறிவைக்கவே மாட்டார். வேறொரு வெள்ளையை லேசாகக் கட் செய்து போடுவார். மிச்சமிருக்கும் வேகத்தில் ஸ்ட்ரைக்கர் போய், முடங்கியதைக் கொஞ்சம் கிளப்பிவிட்டு நிற்கும். விரல் அசைந்ததா என்றே சந்தேகமாக இருக்கும். பின்னாலிருந்து "செம பிளேஸிங்" என்று ஒரு பெரியவர் முனகினால், அதைவிடப் பெரிய விருது அந்தத் தெருவில் இல்லை.

ரெட்டைப் போட்டால் உடனே ஃபாலோவாகத் தன் காய் ஒன்றைப் போட்டாக வேண்டும். தவறினால் ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும். அந்த ஒரு அடியில் யார் கை நடுங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) படம் வந்த பிறகு, கேரம் என்றாலே கத்தியும் கூடவே வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சினிமா. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991, 1995 என இருமுறை உலகப் பட்டம் வென்றார்; அர்ஜுனா விருதும் பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகச் சாம்பியன். வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்றிலும் தங்கம் வாங்கி வந்தார்.

அந்தப் பக்கம் போனால் ஒரு போர்டு முடியும்வரை நின்று பாருங்கள். யாரும் விரட்ட மாட்டார்கள். பலகையின் மேல் உங்கள் நிழல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.