அடைமொழிக்குள் ஒரு தீர்ப்பு: தொலைக்காட்சிச் செய்தியை எப்படிக் கேட்பது?

2019 மே 23ஆம் திகதி ‘திவயின’ பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. தௌஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்பது அதன் சாரம். வைத்தியரின் பெயர் அதில் இல்லை. ஓரிரு நாளில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். அதன்பிறகு பத்திரிகை பின்னுக்குப் போக, தொலைக்காட்சி முன்னுக்கு வந்தது. முறைப்பாடு கொடுக்க வந்த தாய்மாரின் வரிசையைக் கமெரா திரும்பத் திரும்பக் காட்டியது. குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதம் நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலை 25ஆம் திகதி வைத்தியர் பிணையில் வந்தார். 2022இல் அவருக்குக் கிடைக்கவேண்டியிருந்த சம்பள நிலுவை, ஏறத்தாழ 26 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா, கைக்கு வந்தபோது, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருந்த சுகாதார அமைச்சுக்கே அதை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

நாலாயிரம் என்ற எண் இன்றைக்கும் பலருக்கு ஞாபகமிருக்கிறது. 26 இலட்சத்து 75 ஆயிரம் என்ற எண் யாருக்கு ஞாபகம்?

“டீவிக்காரன் பொய் சொல்லுறான்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில் ஒளிபரப்பான செய்திகளை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தால், நேரடிப் பொய் என்று விரல் வைக்கக்கூடிய இடம் குறைவு. பெண்கள் வரிசையில் நின்றது உண்மை. வைத்தியர் கைதானது உண்மை. விசாரணை நடந்ததும் உண்மை. இந்த உண்மைகளை ஒட்டவைத்த பசையில்தான் தீர்ப்பு இருந்தது. அந்தப் பசையை அடையாளம் காண ஊடகவியல் பட்டம் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணமே பாதி வழிக்குக் கூட்டிக்கொண்டு போகும்.

அடைமொழியை எடுத்துக்கொள்வோம். இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று இரண்டு வகை சொல்வார்கள். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துக் காட்டத்தான் அந்த அடை. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என்று ஒன்று கிடையாது. அங்கே அடை பிரித்துக் காட்டவில்லை, அழகுக்கு நிற்கிறது. இந்த இரண்டாவது வகை செய்யுளுக்குப் பொருந்தும், வழக்குக்கு ஆகாது என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சொல்லும் விதி.

இனி ‘முஸ்லிம் வைத்தியர்’ என்ற தொடரைப் பாருங்கள். பார்வைக்கு இது இனமுள்ள அடை. முஸ்லிம் வைத்தியர் உண்டென்றால் பௌத்த வைத்தியர், இந்து வைத்தியர், கிறிஸ்தவ வைத்தியர் எல்லாம் செய்தியில் வரவேண்டுமே. வருவதில்லை. வேறொரு வைத்தியர் மீது முறைப்பாடு வந்தால் அவர் வெறும் வைத்தியர். சோடியில் ஒன்று மட்டும் எப்போதும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, மற்றது ஒருநாளும் அழைக்கப்படாவிட்டால், அந்த அடை பிரித்துக் காட்டும் வேலையைச் செய்யவில்லை. அது குற்றத்தின் காரணத்தைச் சொல்லாமல் சொல்கிறது. தொல்காப்பியர் அறியாத மூன்றாவது வகை அடை இது. (தௌஹீத் என்ற சொல்லின் கதி இன்னும் பரிதாபம். அல்லாஹ்வின் ஏகத்துவத்தைக் குறிக்கும் சொல், சில மாதங்களுக்குள் செய்தி வாசிப்பவரின் வாயில் ஒரு குற்றத்தின் பெயராக மாறிப்போனது.)

இதே இலக்கணத்தை முப்பது வருடம் தமிழ்ச் சகோதரர்கள் சுமந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. ‘தமிழ்ப் பயங்கரவாதி’ என்ற தொடர் இரவுச் செய்தியில் சாதாரணமாகப் புழங்கிய காலத்தில், வடக்கிலிருந்து விரட்டப்பட்டும் கிழக்கில் பள்ளிவாசல்களுக்குள்ளேயே கொல்லப்பட்டும் நொந்திருந்த நமது சமூகம் அந்த அடையைக் கேள்வி கேட்டது குறைவு. காயம் நியாயமானது. அடை நியாயமானதல்ல.

அடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு நமது பக்கத்திலேயே ஒரு கட்டடம் இருக்கிறது. கொழும்பு வீதியில் புணானையில் நிற்கும் மட்டக்களப்பு கெம்பஸ் 2019இல் செய்திகளுக்கு ‘ஷரீஆ பல்கலைக்கழகம்’. 2020 மார்ச்சில், வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களை முதன்முதலாகத் தனிமைப்படுத்தி வைக்க இடம் தேவைப்பட்டபோது, அதே கட்டடம் ‘புணானை தனிமைப்படுத்தல் நிலையம்’. ஒரு கல்லும் இடம் மாறவில்லை. 2023 செப்டெம்பரில்தான் இராணுவம் அதைத் திருப்பிக் கொடுத்தது. அந்தத் திட்டம் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் இருந்தன என்பதும் உண்மைதான். பணம் எங்கிருந்து எப்படி வந்தது, நிறுவனம் யாருடைய பெயரில் இருக்கிறது, அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்பவையெல்லாம் ஒரு செய்தியாளர் கேட்டேயாகவேண்டிய கேள்விகள். ‘ஷரீஆ’ என்ற ஒரு சொல் அவற்றையெல்லாம் விழுங்கிவிட்டது. பக்கச்சார்பு பாதிக்கப்பட்டவனை மட்டும் கெடுப்பதில்லை, விசாரிக்க வேண்டியதையும் விசாரிக்க விடாமல் செய்கிறது.

உயர்தர வகுப்பில் ஒருமுறை செய்தி வாக்கியங்கள் சிலதைக் கரும்பலகையில் எழுதி, அடைகளை அழித்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, “சேர், அடைய எடுத்தா இதுல செய்தியே இல்லையே” என்றது. அந்தப் பாடத்தில் நான் சொல்ல நினைத்ததை அந்தப் பிள்ளை என்னை முந்திச் சொல்லிவிட்டது.

சொல்லுக்கு இலக்கணம் இருப்பதுபோல் காட்சிக்கும் உண்டு. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் காத்தான்குடிக்கு உள்ளூர், வெளிநாட்டுக் கமெராக்கள் எல்லாம் வந்தன. ஸஹ்ரானின் ஊர். வரவேண்டியதுதான். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியோடு யாரும் நம் ஊருக்கு வர உரிமை இருக்கிறது. வந்த கமெரா எங்கே நின்றது? பிரதான வீதியின் நடுவில் நட்டிருந்த பேரீச்ச மரங்களில். பேரீச்ச மரம், அரபு எழுத்து, கறுப்பு அபாயா: மூன்று காட்சி அடுத்தடுத்து வந்தால் ‘அரபுமயம்’ என்று வாசிப்பவர் சொல்லத் தேவையில்லை, பார்ப்பவரே சொல்லிக்கொள்வார்.

அந்த மரங்களை நடாமலே விட்டிருக்கலாம் என்று நினைக்கும் காத்தான்குடியார் பலர் உண்டு, அது வேறு கதை. ஆனால் மரத்துக்கும் குண்டுக்கும் என்ன தொடர்பு என்று எந்தச் செய்தியும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. காட்சிக்குத் தொடர்பைச் சொல்லும் பொறுப்பு கிடையாது, பக்கத்தில் வைத்தாலே போதும். 2017 மார்ச்சில் அதே ஊரில் ஸஹ்ரானின் கூட்டத்தாருக்கும் ஸூபி வழியினருக்கும் மோதல் நடந்தது, அதற்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார், அவரைப் பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள் என்பதெல்லாம் சொல்லி முடிக்க நாலு நிமிடம் வேண்டும். மரத்தைக் காட்ட நாலு செக்கன். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்ட பள்ளிவாசலின் சுவரில் சன்னத் துளைகள் இன்றும் கிடக்கின்றன. பயங்கரவாதம் இந்த ஊருக்கு என்ன செய்தது என்று காட்ட விரும்பிய கமெராவுக்கு அந்தச் சுவர் தூரமில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்ற முடிவு அபிப்பிராயம்தான். அது காட்சியாக வருவதால் சாட்சிபோலத் தோன்றுகிறது.

‘கூறப்படுகிறது’, ‘சந்தேகிக்கப்படுகிறது’, ‘தெரியவருகிறது’ என்று முடியும் வாக்கியங்களுக்கு வருவோம். செயப்பாட்டுவினையில் வினைமுதலை மறைத்துவிட்டாலும் வாக்கியம் நிறைவாகவே நிற்கும். கூறியது யார்? சந்தேகிப்பது யார்? ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் யாரென்று தெரியாவிட்டால் ‘மஜ்ஹூல்’ என்று குறித்து வைத்துவிடுவார்கள். வரிசை நடுவில் அறுந்தால் ‘முன்கதிஃ’. மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் பயணம் போன அறிஞர்களின் வாரிசுகள், ‘புலனாய்வு வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்பதை இஸ்னாதாக ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பெயர் சொல்லாத மூலம் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லப் பயப்படும் பலவீனமான ஒருவரைக் காப்பாற்றப் பெயரை மறைப்பது ஊடக தர்மம். அதிகாரமுள்ள ஒருவர், பதில் சொல்ல முடியாத ஒருவரை அடிக்கும்போது பெயரை மறைப்பது அதற்கு நேர் எதிரானது. மறைந்திருப்பவர் பலமுள்ளவரா, பலமற்றவரா என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

காலையில் பத்திரிகை வாசிக்கும் நிகழ்ச்சிகள் இந்த அறுந்த சங்கிலிக்கு நல்ல உதாரணம். பத்திரிகையில் வந்ததை வாசிப்பவர் எடுத்துக் காட்டுகிறார். நடுவில் ஒரு பெருமூச்சு விடுகிறார், “பாருங்களேன்” என்கிறார், புருவத்தை உயர்த்துகிறார். செய்தி பத்திரிகையுடையது, பெருமூச்சு இவருடையது. பிழைத்துப் போனால் ‘பத்திரிகையில் இருந்ததைத்தானே வாசித்தேன்’ என்று சொல்லலாம். அபிப்பிராயம் சொல்வது குற்றமில்லை. ஆசிரியத் தலையங்கம் தலையங்கம் என்று பெயர் போட்டுத்தானே வருகிறது. செய்தி வாசிக்கும் மேசையில் உட்கார்ந்து, செய்தியின் குரலில் சொல்வதுதான் பிரச்சினை.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக் கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் போட்டால் மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அந்த மாவுக் கட்டியை ஒழுங்காக, போதுமான நேரம் கொடுத்து, எல்லா அலைவரிசையும் சொல்லியிருந்தால், அடுத்த வருடம் நாலாயிரம் தாய்மார் என்ற கதை அவ்வளவு சுலபமாக நாட்டைச் சுற்றியிருக்காது என்பது என் எண்ணம். குற்றச்சாட்டுக்கு எத்தனை நிமிடம், மறுப்புக்கு எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டை வைத்துப் பார்ப்பது எந்த ஆய்வாளரின் உதவியும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடிய வேலை.

முறையிட இடமிருக்கிறதா? 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் பத்திரிகைகளுக்கானது. தொலைக்காட்சிக்குச் சுயாதீனமான ஒழுங்குபடுத்தும் அமைப்பு இன்றுவரை நிலைபெறவில்லை. 1997இல் கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை, அது அரசாங்கத்தின் கைக்குள் இருக்கும் என்பதால் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2023இல் வந்த வரைவுக்கும் அதே பயத்தில் எதிர்ப்பு. உரிமையாளர் பக்கத்தையும் மறக்க வேண்டாம்: ‘தெரண’வை நிறுவியவர்களில் ஒருவரான திலித் ஜயவீர 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர். அது அவருடைய உரிமை. பார்ப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2019க்குப் பிறகு நமது வீடுகள் பலதில் செய்தி நேரத்தில் டீவியை நிறுத்திவிட்டார்கள். மறுகா என்ன செய்தார்கள்? வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளைக் கேட்டார்கள். அதில் அறிவிப்பாளரே இல்லை. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற ஹதீஸை இமாம் முஸ்லிம் தமது நூலின் முகவுரையிலேயே வைத்திருக்கிறார். அதே ஹதீஸை அனுப்பிய குழுவிலேயே அடுத்த நிமிடம் ஊர் பேர் இல்லாத பதிவொன்று வருகிறது.

2023 செப்டெம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியபோது நாம் நடந்துகொண்ட விதத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். படத்தின் மையக் குற்றச்சாட்டு பெருமளவு ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் நின்றது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி மறுத்தார். அது விசாரிக்கப்பட வேண்டிய பாரதூரமான குற்றச்சாட்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் காலை தேத்தண்ணிக் கடைகளில் அது விசாரணை முடிந்த தீர்ப்பாக இருந்தது. ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும்போது, நமக்குப் பாதகமான செய்தியை மட்டும் என்று சொல்லவில்லை. நமக்கு ஆறுதல் தரும் செய்தியில்தான் சோதிக்கும் மனம் முதலில் சோம்பல்படுகிறது.

ஜனாஸா எரிப்புக் காலத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் கொவிட் மரணங்களுக்குத் தகனம் கட்டாயமானது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் விவாதம் ‘முஸ்லிம்களின் கோரிக்கை’க்கும் ‘நிபுணர்களின் கருத்து’க்கும் இடையிலானதாகவே அமைந்தது. ஒரு பக்கத்துக்குச் சமயம், மறுபக்கத்துக்கு விஞ்ஞானம். நிலத்தடி நீர் பற்றிய வாதம் சோதிக்கப்படவேண்டிய கருத்து, அடக்கம் உலகம் முழுவதும் நடந்துகொண்டிருந்த நடைமுறை என்று அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் அதே தகவல் வேறு செய்தியாகியிருக்கும். அந்த டிசம்பரில் பிறந்து 20 நாளான குழந்தையொன்று எரிக்கப்பட்ட பிறகுதான் பலருக்கு இது கருத்து விவாதமல்ல என்று விளங்கியது.

2021 மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த 3,600க்கு மேற்பட்டோர், முஸ்லிமல்லாதவர்களும் சேர்த்து, அங்கே கிடக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தியைச் சொன்னவர்கள் பெரும்பாலும் ‘பலவந்தமாகத் தகனம் செய்யப்பட்ட’ என்ற தொடரையே பயன்படுத்தினார்கள், நம்மவர்களும்தான். செயப்பாட்டுவினை. தகனம் செய்தது யார், எந்த மேசையில் யார் கையெழுத்து வைத்தார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இன்னும் இல்லை.