ஒரு வேற்றுமை, மூன்று வேலை

'வாளால்', 'வீட்டிலிருந்து', 'இரவில்' என்று தமிழில் தனித்தனி உருபுகள் பார்க்கும் வேலையை லத்தீன் ஒரே வேற்றுமையிடம் கொடுத்துவிட்டது. அதன் பெயர் அப்லேட்டிவ். நீங்கல், கருவி, இடம் என்று ஆதியில் பிரிந்திருந்த மூன்று வேற்றுமைகள் கூட்டுக்குடும்பம்போல இதற்குள் வந்து சேர்ந்தன. எந்த இடத்தில் எது பேசுகிறது என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் திணறுவதில் வியப்பில்லை.

எனக்குப் பிடித்தது இதன் சிக்கனம். 'ரோம' என்று குறிலில் முடிந்தால் எழுவாயாக நிற்கும் ரோம் நகரம். 'ரோமா' என்று நெடிலில் முடிந்தால் ரோமிலிருந்து. ஒரே ஒரு மாத்திரைதான் வித்தியாசம்! ரோமானியர் பெரும்பாலும் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். நம் எழுத்தில் துணைக்கால் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதன் உச்சம் 'உர்பெ கப்தா' போன்ற தொடர்கள். 'நகரம் பிடிபட்டதும்' என்ற முன்கதை இரண்டே சொல்லில் முடிந்துவிடும். வாக்கியம் மேலே நடக்கலாம். ஜூலியஸ் சீசர் தன் காலியப் போர்க் குறிப்புகளில் இதை வாரி இறைத்திருக்கிறார். அந்த நடையின் விறுவிறுப்பில் பாதி இதனால் வந்தது என்பேன்.

கல்லூரி அலுவலகத்தில் நாம் கேட்டு வாங்கும் போனஃபைட் சர்டிபிகேட்டின் பெயரிலும் இருப்பது இதே வேற்றுமைதான்: 'நல்லெண்ணத்தோடு'.